பழைய வணிகக் கட்டடத்து ஸ்ப்ரிங்க்ளரைக் கண்காணிப்பு நிலையத்தோடு இணைக்கும் வழி

1988 மே 4 இரவு, லாஸ் ஏஞ்சலஸில் 62 மாடி ஃபர்ஸ்ட் இன்டர்ஸ்டேட் வங்கிக் கட்டடத்தின் 12ஆம் மாடியில் தீப்பிடித்தது. பழைய கட்டடத்தில் புதிதாக ஸ்ப்ரிங்க்ளர், அதாவது தீயின் வெப்பத்தில் தானாகத் திறந்து தண்ணீர் தெளிக்கும் அமைப்பு, போட்டுக்கொண்டிருந்த நேரம். ஏறக்குறைய 90 விழுக்காடு வேலை முடிந்து, தீப்பிடித்த மாடிகளிலும் குழாயும் தண்ணீர் தெளிக்கும் முனையான ஹெட்டும் தயாராக இருந்தன. ஆனால் வால்வுகள் மூடியிருந்தன. அலாரத்தோடு இணைப்பு கொடுத்த பிறகு மொத்தமாகத் திறந்துகொள்ளலாம் என்று விட்டுவைத்திருந்தார்கள். 12 முதல் 16 வரை ஐந்து மாடிகள் எரிந்தன. என்ன ஆயிற்று என்று பார்க்க லிஃப்டில் மேலே போன பராமரிப்பு ஊழியர் ஒருவர் இறந்தார்.

கண்காணிப்பு நிலையம் என்பது கட்டடங்களின் அலாரச் செய்திகளை வெளியே இருந்து இரவும் பகலும் வாங்கிக்கொள்ளும் இடம். கண்காணிப்பு என்றால் தீ வந்ததும் தீயணைப்புத் துறைக்குத் தகவல் போவது என்றுதான் பல கட்டட உரிமையாளர்கள் நினைக்கிறார்கள். அது பாதிதான். ஸ்ப்ரிங்க்ளர் வேலை செய்யாமல் போன தீ விபத்துகளை தீப்பாதுகாப்புத் தரங்களை வகுக்கும் அமெரிக்காவின் என்எஃப்பிஏ அமைப்பு பல ஆண்டுகளாகக் கணக்கெடுத்து வருகிறது. அவற்றில் ஐந்துக்கு மூன்றில் காரணம் ஒன்றேதான்: யாரோ தண்ணீரை அடைத்து வைத்திருந்தார்கள். ஆகவே, ஒரு பழைய கட்டடத்தில் பணம் குறைவாக இருந்து எதை முதலில் செய்வது என்ற கேள்வி வந்தால், தண்ணீர் ஓடுவதைச் சொல்லும் சுவிட்சுக்குக் கொடுக்கும் அதே கவனத்தை வால்வு மூடியதைச் சொல்லும் சுவிட்சுக்கும் கொடுங்கள்.

இங்கே உள்ள எண்கள் அமெரிக்க நடைமுறையைச் சேர்ந்தவை: நிறுவுவதற்கு என்எஃப்பிஏ 13, அலாரத்துக்கும் தகவல் அனுப்புவதற்கும் என்எஃப்பிஏ 72, பராமரிப்புக்கு என்எஃப்பிஏ 25, கட்டாயம் எப்போது என்பதற்கு இன்டர்நேஷனல் பில்டிங் கோடு. வளைகுடா நாடுகளில் ஃபயர் அலாரம் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கும் இவை பழகியவையே. ஒவ்வொரு நகரமும் வெவ்வேறு ஆண்டுப் பதிப்பை ஏற்றிருக்கும். அதனால் வேலை தொடங்குமுன் தீ விதிகளை அமல்படுத்தும் ஃபயர் மார்ஷல் அலுவலகத்தில் எந்தப் பதிப்பு என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

உங்கள் கட்டடத்துக்குக் கட்டாயமா?

பழைய கட்டடங்களில் ரைசர் எனப்படும் செங்குத்தான முதன்மைக் குழாய் அருகே வெளிச்சுவரில் ஒரு மணி இருக்கும். தண்ணீர் ஓடினால் அந்த விசையிலேயே சுழன்று அடிக்கும் வாட்டர் மோட்டார் காங் அது. பக்கத்திலேயே ‘மணி அடித்தால் தீயணைப்புத் துறையை அழைக்கவும்’ என்று ஒரு தகடு. ஞாயிறு இரவு இரண்டு மணிக்கு அதைக் கேட்டு அழைப்பவர் யார் என்பதற்கு அந்தக் காலத்து விதியில் பதில் இல்லை. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் முன்பு நடைமுறையில் இருந்த யூனிஃபார்ம் பில்டிங் கோடு, பெரும்பாலான வகைக் கட்டடங்களில் 100 ஹெட்டுக்குக் குறைவாக இருந்தால் மின்கண்காணிப்பைக் கேட்கவே இல்லை. அதனால்தான் 60, 80 ஹெட் உள்ள சிறு கடைவரிசைகள் பல இன்னும் வெறும் மணியோடு நிற்கின்றன.

இப்போதைய இன்டர்நேஷனல் பில்டிங் கோடின் 903.4ஆம் பிரிவு, தண்ணீர் வரத்தைக் கட்டுப்படுத்தும் எல்லா வால்வுகள், பம்ப், தொட்டி, நீர்மட்டம், நீரின் வெப்பநிலை, முக்கியமான காற்றழுத்தம், நீரோட்ட சுவிட்ச் எல்லாவற்றையும் மின்கண்காணிப்பில் வைக்கச் சொல்கிறது. விலக்குகள் சில உண்டு. மிகச் சில ஹெட்டே உள்ள சிறு பரப்பு அமைப்புகள், சமையலறை ஹூடுக்கும் பெயின்ட் பூத்துக்கும் போகும் கிளை வால்வுகள், குழாயில் அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் சிறிய ஜாக்கி பம்பின் வால்வுகள் ஆகியவை அவற்றில் அடங்கும். வால்வு விலக்குகளுக்கு அந்த வால்வு திறந்த நிலையில் பூட்டியோ சீல் வைத்தோ இருக்க வேண்டும். தெருவில் நகராட்சி வைத்த நிலத்தடி வால்வும் கணக்கில் வராது.

இது புதுக் கட்டடத்துக்கான விதிதானே என்று வாதிடலாம். பல இடங்களில் அது செல்லும், ஆனால் நீண்ட நாள் செல்லாது. கட்டடத்தின் பயன்பாடு மாறும்போது, பெரிய அளவில் புதுப்பிக்கும்போது, ஸ்ப்ரிங்க்ளரை விரிவாக்கும்போது, அல்லது நகரம் பழைய கட்டடங்களுக்கென்று தனிச் சட்டம் போடும்போது கண்காணிப்பு வந்து சேரும். காப்பீட்டு நிறுவனம் அதற்கு முன்பே கேட்டிருக்கும்.

ஸ்ப்ரிங்க்ளரைக் கண்காணிக்கிறோம் என்பதற்காகக் கட்டடம் முழுவதும் ஃபயர் அலாரம் போட வேண்டியதில்லை. வேறு எந்த விதியும் முழு அலாரத்தைக் கேட்காத கட்டடத்தில், ஸ்ப்ரிங்க்ளருக்கு மட்டுமான சிறு கட்டுப்பாட்டுப் பேனல் போதும். பேனல் இருக்கும் அறையில் எப்போதும் ஆள் இல்லையென்றால் பேனலுக்கு மேல் ஒரு ஸ்மோக் டிடெக்டர் வேண்டும். கையால் இழுக்கும் புல் ஸ்டேஷன் ஒன்றும் பெரும்பாலும் கேட்பார்கள். இது தெரியாமல் ஒவ்வொரு கடைக்கும் ஹார்ன், ஸ்ட்ரோப் என்று விலைப்பட்டியல் நீட்டும் ஒப்பந்ததாரர்கள் உண்டு. அப்படி வந்தால் எந்தப் பிரிவின்படி என்று கேளுங்கள்.

முதலில் ஒரு நடை

தெருவிலிருந்து கடைசி ஹெட் வரை தண்ணீர் போகும் வழியில் நீங்களும் நடந்து, குறுக்கே நிற்கும் ஒவ்வொரு வால்வையும் எழுதுங்கள். வால்வின் வகை, குழாயின் அளவு, இப்போதைய நிலை, பூட்டு உண்டா என நான்கு விவரமும் வேண்டும். ரைசர் அறையில் இருப்பது எல்லோர் கண்ணிலும் படும். விட்டுப்போவது மற்றவை. வெளியே குழியில் இருக்கும், தண்ணீர் நகரக் குழாய்க்குத் திரும்பாமல் தடுக்கும் பேக்ஃப்ளோ பிரிவென்டரில் இரண்டு வால்வு, திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று கம்பத்தில் காட்டியபடி புல்தரையில் நிற்கும் போஸ்ட் இன்டிகேட்டர் வால்வு, வாடகைக்கு வந்தவர் தன் மாடிக்கு மட்டும் ஸ்ப்ரிங்க்ளர் போட்டபோது ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் வைத்துவிட்டுப் போன பகுதி வால்வு.

அந்தக் கடைசி வகையை அலட்சியம் செய்யாதீர்கள். 1991 பிப்ரவரியில் பிலடெல்ஃபியாவின் 38 மாடி ஒன் மெரிடியன் பிளாசாவில் 22ஆம் மாடியில் எழுந்த தீ மூன்று தீயணைப்பு வீரர்களைக் கொன்று, மாடி மாடியாக ஏறி, 30ஆம் மாடியில் நின்றது. அங்கே வாடகைதாரர் போட்டிருந்த ஸ்ப்ரிங்க்ளரில் பத்து ஹெட் திறந்ததே காரணம். அந்த ஒரு மாடியின் வால்வு மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சூடாக்காத கிடங்கு, சரக்கு இறக்கும் மேடை போன்ற இடங்களில் குழாய்க்குள் தண்ணீருக்குப் பதில் காற்று அடைத்த டிரை சிஸ்டம் இருக்கும். அதைத் தனியாகக் குறியுங்கள். அதற்குப் பொருத்தும் கருவிகளே வேறு.

நீரோட்ட சுவிட்ச்

எப்போதும் தண்ணீர் நிறைந்திருக்கும் வெட் சிஸ்டத்தில் குழாயைத் துளைத்து உள்ளே பிளாஸ்டிக் துடுப்பை நுழைக்கும் வேன் வகை சுவிட்ச்தான் மலிவானது, எளிதானது. டிரை சிஸ்டத்திலும், தீயை உணர்ந்த பிறகே குழாய்க்குள் தண்ணீரை விடும் ப்ரீஆக்‌ஷனிலும் அதை வைக்கவே கூடாது. காலிக் குழாயில் சீறி வரும் தண்ணீர் துடுப்பைப் பிய்த்துக்கொண்டு போய் ஏதாவது ஒரு கிளைக் குழாயை அடைத்துவிடும். அங்கே வால்வின் அலாரக் குழாயில் பிரஷர் சுவிட்ச் வையுங்கள். அழுத்தம் 4 முதல் 8 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) ஏறியதும் இயங்கும்படி அவை வருகின்றன.

வேன் சுவிட்ச் வாங்குமுன் குழாயின் வெளி அளவு மட்டும் போதாது, சுவர்க் கனமும் தெரிய வேண்டும். பழைய ரைசர் பெரும்பாலும் தடித்த சுவருள்ள ஷெட்யூல் 40. இடையில் யாராவது மாற்றியிருந்தால் மெல்லிய ஷெட்யூல் 10 இருக்கலாம். துடுப்பு பெரிதாக இருந்தால் குழாய்ச் சுவரில் உரசி நின்றுவிடும். சிறிதாக இருந்தால் ஒரு ஹெட்டின் ஓட்டத்தில் அசையாது. பொருத்தும் இடம் வளைவு, அளவு மாறும் ஃபிட்டிங் ஆகியவற்றிலிருந்து குறைந்தது 6 அங்குலமும், வால்வு, தண்ணீரை வடிக்கும் டிரெய்ன் ஆகியவற்றிலிருந்து 24 அங்குலமும் தள்ளி இருக்கட்டும். நெருக்கமான பழைய ரைசர் அறையில் இந்த 24 அங்குலம் கிடைப்பதுதான் பெரும்பாடு. கிடைக்காவிட்டால் கிளைக் குழாய்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் கிராஸ் மெயினில் கிடைமட்டமாக வையுங்கள்.

அமைப்பை முழுதாக வடித்த பிறகே துளையிடுங்கள். 2, 2½ அங்குலக் குழாய்க்கு 1¼ அங்குலத் துளை. 3 முதல் 8 அங்குலக் குழாய்க்கு 2 அங்குலத் துளை. ஹோல் சாவால்தான் வெட்ட வேண்டும், வெல்டிங் டார்ச்சால் அல்ல. வெட்டி எடுத்த வட்டத் துண்டு கைக்கு வர வேண்டும். வராவிட்டால் அது குழாய்க்குள் இருக்கிறது, தீ வரும் நாளில் தண்ணீரோடு ஓடி எங்கேயாவது அடைக்கும். எடுத்த துண்டைக் கம்பியால் சுவிட்சிலேயே கட்டித் தொங்கவிடுவது நல்ல வழக்கம். பரிசோதிக்க வருபவர் முதலில் அதைத்தான் தேடுவார். நூறாண்டுக் குழாயாக இருந்தால் துளை வழியே விரலை விட்டுப் பாருங்கள். உள்ளே துரு மேடுகள் தட்டுப்பட்டால் துடுப்பு அசையும் தூரம் முழுவதையும் சுரண்டி வழித்துவிட்டுப் பொருத்துங்கள். துடுப்பை ஓட்டத்துக்கு எதிர்ப்புறமாகச் சுருட்டி நுழைத்து, உறையில் உள்ள அம்புக்குறி தண்ணீர் போகும் திசையைக் காட்டுகிறதா என்று பாருங்கள். யு-போல்ட்டின் இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிச் சமமாக முடுக்குங்கள்.

அடுத்தது தாமதம். நகரக் குழாயில் அழுத்தம் திடீரென ஏறும்போது ரைசருக்குள் சிக்கிய காற்று சுருங்கும், அந்த இடத்தை நிரப்பக் கொஞ்சம் தண்ணீர் நகரும், துடுப்பு அசையும், பொய் அலாரம். இதைத் தவிர்க்கத்தான் சுவிட்சில் 0 முதல் 90 வினாடி வரை தாமதம் வைக்கும் வசதி. என்எஃப்பிஏ 72 கணக்கில், மிகச் சிறிய ஒரு ஹெட் திறந்த ஓட்டத்துக்கு 90 வினாடிக்குள் அலாரம் வர வேண்டும். 30 வினாடியில் தொடங்கி, பொய் அலாரம் வந்தால் 45, 60 என்று ஏற்றுங்கள். டயலில் உள்ள குறிகளை நம்ப வேண்டாம், ஸ்டாப்வாட்ச்தான் சாட்சி. 60க்கு மேலும் போக வேண்டியிருந்தால் கோளாறு சுவிட்சில் இல்லை, சிக்கிய காற்றில் இருக்கிறது. அமைப்பை நிரப்பும்போது உயரமான முனையைத் திறந்து காற்றை வெளியேற்றுங்கள். என்எஃப்பிஏ 13 கூட 2016 பதிப்பிலிருந்து வெட் சிஸ்டத்துக்கு ஏர் வென்ட் கேட்கிறது. பழைய கட்டடத்தில் ஒன்று சேர்த்துக்கொண்டால் பொய் அலாரம் குறையும், துருவும் குறையும்.

டேம்பர் சுவிட்ச்

வால்வை யாராவது மூடினால் சொல்லும் சுவிட்ச் இதுதான். தண்டு வெளியே தெரியும் கேட் வால்வில், வால்வை முழுதாகத் திறந்து வைத்து, தண்டில் அரத்தால் ஒரு சிறு பள்ளம் எடுத்து, சுவிட்சின் கம்பி அதில் உட்காரும்படி வைப்பார்கள். பள்ளம் 1/8 அங்குல ஆழத்தைத் தாண்ட வேண்டாம். ஆழமானால் கம்பி மாட்டிக்கொண்டு வளையும், தண்டும் கெடும். கைச்சக்கரத்தை இரண்டு சுற்று சுற்றுவதற்குள், அல்லது முழுப் பயணத்தில் ஐந்தில் ஒரு பங்கு நகர்வதற்குள், சிக்னல் வந்தாக வேண்டும். பாதி மூடிய நிலையில் சிக்னல் தானாக மறையக் கூடாது. பழைய வால்வுகளில் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் பேக்கிங் தேய்ந்து தண்டு ஆடும், அதனால் லாரி போனால்கூட சிக்னல் வரும். சுவிட்சை நகர்த்தி நகர்த்திச் சரிசெய்வதைவிட வால்வுக்குப் பேக்கிங் மாற்றுவது மலிவு.

பட்டர்ஃப்ளை வால்வு பெரும்பாலும் சுவிட்ச் உள்ளேயே அமைந்து வரும். குழியில் உள்ள பேக்ஃப்ளோ வால்வுகளுக்கு நீரில் மூழ்கினாலும் தாங்கும் உறையுள்ள சுவிட்ச் வாங்குங்கள். சாதாரண சுவிட்ச் அங்கே இரண்டு மழைக்காலம் தாங்காது.

டிரை சிஸ்டத்துக்குக் காற்றழுத்த சுவிட்ச் கட்டாயம். இயல்பான அழுத்தத்திலிருந்து 10 பிஎஸ்ஐ ஏறினாலும் இறங்கினாலும் சொல்ல வேண்டும். 40 பிஎஸ்ஐ என்றால் 30இலும் 50இலும். ரைசர் அறையின் வெப்பம் 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போவதைச் சொல்லும் ஒரு சுவிட்சும் குளிர் மாநிலங்களில் பணத்தை மிச்சம் பிடிக்கும்.

வயரிங், மின்சாரம்

பேனலுக்கு மூன்று வகைச் செய்தி தனித்தனியாகப் போக வேண்டும்: தண்ணீர் ஓடுகிறது என்ற அலாரம், வால்வோ காற்றோ சரியில்லை என்ற சூப்பர்வைசரி, வயரோ மின்சாரமோ போயிற்று என்ற ட்ரபிள். வயர் இழுக்கச் சோம்பி, நீரோட்ட சுவிட்சையும் டேம்பரையும் ஒரே சர்க்யூட்டில் போட்டு வைத்திருப்பதைப் பழைய கட்டடங்களில் அடிக்கடி பார்க்கலாம். அப்படி இருந்தால் தீயா, யாரோ வால்வைத் தொட்டதா என்று கண்காணிப்பு நிலையத்துக்குத் தெரியாது. ஒரு சர்க்யூட்டில் நீரோட்ட சுவிட்ச் ஐந்துக்கு மேல் வேண்டாம். டேம்பர் வகை 20க்கு மேல் வேண்டாம்.

வயர் அறுந்ததைப் பேனல் கண்டுபிடிக்க உதவும் எண்ட்-ஆஃப்-லைன் ரெசிஸ்டர், பெயருக்கேற்ப, வரிசையின் கடைசி சுவிட்சில் இருக்க வேண்டும். பேனல் பெட்டிக்குள்ளேயே அது இருந்தால், வெளியே வயர் அறுந்தாலும் பேனல் பச்சை விளக்கோடு சிரித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு சுவிட்சிலும் வரும் வயரையும் போகும் வயரையும் வெட்டித் தனித்தனியாகத் திருகில் கட்டுங்கள். வெட்டாமல் ஒரே வயரைத் திருகைச் சுற்றிக் கொண்டுபோனால், திருகு கழன்றாலும் பேனலுக்குத் தெரியாது.

மின்சாரம் தனி பிரேக்கரிலிருந்து வரட்டும். பிரேக்கருக்குச் சிவப்புக் குறியும் பூட்டும் போடுங்கள். பேட்டரி 24 மணி நேரம் சும்மா காத்திருந்து, அதன்பின் 5 நிமிடம் அலாரம் அடிக்க வேண்டும். கணக்கு எளிது. காத்திருப்பு மின்னோட்டம் 0.15 ஆம்பியர் என்றால் 24ஆல் பெருக்க 3.6. அலாரத்தில் 0.8 ஆம்பியர் என்றால் 5 நிமிடத்துக்கு 0.07. கூட்டினால் 3.67, 20 விழுக்காடு கூடுதல் சேர்த்தால் 4.4 ஆம்பியர்-மணி. கடையில் கிடைக்கும் 7 ஆம்பியர்-மணி, 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்தால் தாராளம். பின்னாளில் செல்லுலார் கருவி சேர்க்கும்போது அதன் மின்னோட்டத்தையும் இந்தக் கணக்கில் ஏற்ற மறந்துவிடுகிறார்கள். பேட்டரியின் மேல் பொருத்திய மாதத்தையும் ஆண்டையும் மார்க்கரால் எழுதுங்கள்.

தகவல் வெளியே போகும் வழி

பழைய இணைப்புகள் இரண்டு தொலைபேசிக் கம்பிகளில் எண் சுழற்றிப் பேசுபவை. தொலைபேசி நிறுவனங்கள் செம்புக் கம்பியைக் கைவிட்டு வருகின்றன. மிச்சம் இருப்பதற்கும் வாடகை ஏறிவிட்டது. செல்லுலாருக்கு மாறியவர்களும் நிம்மதியாக இருக்க முடியவில்லை. 2022இல் அமெரிக்காவில் 3ஜி அணைந்தபோது பழைய கருவிகள் ஊமையாயின. உங்கள் பெட்டிக்குள் இருப்பது எல்டிஇ (4ஜி) கருவிதானா என்று திறந்து பாருங்கள்.

2013 முதலான என்எஃப்பிஏ 72 பதிப்புகளில், ஒரே வழி மட்டும் என்றால் அது உயிரோடு இருக்கிறதா என்று 60 நிமிடத்துக்குள் தெரிய வேண்டும். செல்லுலார், இணையம் என இரண்டு வழி இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 6 மணி நேரம். இணைய வழி என்றால் இடையில் உள்ள ரவுட்டருக்கும் பேட்டரி வேண்டும் என்பதை மறக்காதீர்கள். ரைசர் அறை நிலவறையில் இருந்தால் ஆன்டெனாவை மேல் மாடிக்கு இழுங்கள்.

கண்காணிப்பு நிலையம் யுஎல் என்ற பாதுகாப்புச் சான்று நிறுவனத்தின் பட்டியலில் உள்ளதா என்று பாருங்கள். ஒப்பந்தத்தில் ஒவ்வொரு சிக்னலுக்கும் பெயர் எழுதிக் கொடுங்கள். ‘ஜோன் 3’ என்றால் இரவுப் பணியாளருக்கு ஒன்றும் புரியாது; ‘பின்பக்கக் கிடங்கு, ரைசர் 2, வால்வு மூடியது’ என்றால் புரியும். அலாரம் வந்தால் முதலில் தீயணைப்புத் துறைக்குத்தான் அழைப்பு போக வேண்டும். உரிமையாளரைக் கேட்டுவிட்டு அல்ல. சூப்பர்வைசரிக்கு யாரை அழைப்பது என்ற பட்டியலில் மூன்று பெயராவது இருக்கட்டும். வேலையை விட்டுப் போன மேலாளரின் எண் முதலிடத்தில் இருப்பதுதான் பழைய கட்டடங்களின் தலைவிதி.

பரிசோதனை

அமைப்பின் முடிவில் உள்ள, பரிசோதனைக்காகத் தண்ணீரைத் திறந்துவிடும் இன்ஸ்பெக்டர்ஸ் டெஸ்ட் குழாயின் வாயை முதலில் பாருங்கள். அங்கே அமைப்பின் மிகச் சிறிய ஹெட்டுக்குச் சமமான துளையுள்ள முனை இருக்க வேண்டும். பழைய கட்டடங்களில் வெறும் 1 அங்குலக் குழாய் திறந்து கிடக்கும். அதில் கொட்டும் தண்ணீருக்கு எந்த சுவிட்சும் அசையும், பரிசோதனை தேறிவிடும். தீயில் முதலில் திறப்பது ஒரு ஹெட். ஓட்ட அளவெண் கே 5.6 உள்ள ஹெட்டில் 7 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 15 காலன்தான் வரும். அந்த ஓட்டத்துக்கு சுவிட்ச் அசைகிறதா என்பதே கேள்வி.

1. கண்காணிப்பு நிலையத்தை அழைத்துப் பரிசோதனை என்று பதிவு செய்து, எத்தனை மணி வரை என்று சொல்லுங்கள். தீயணைப்புத் துறைக்கும் சொல்லுங்கள்.
2. ரைசரை வடிக்கும் மெயின் டிரெய்னைத் திறக்குமுன் அழுத்தமானியைக் குறித்து, முழுதாகத் திறந்து ஓடும் அழுத்தத்தையும் குறியுங்கள். ஓடும் அழுத்தம் முந்தைய தடவையைவிட 10 விழுக்காடு குறைந்திருந்தால் எங்கோ ஒரு வால்வு பாதி மூடியிருக்கிறது அல்லது குழாய் அடைபட்டிருக்கிறது.
3. இன்ஸ்பெக்டர்ஸ் டெஸ்ட்டைத் திறந்து ஸ்டாப்வாட்ச்சை அழுத்துங்கள். பேனலில் அலாரம் வந்த வினாடியை எழுதுங்கள்.
4. ஒவ்வொரு வால்வையும் இரண்டு சுற்று மூடி, சிக்னல் வந்ததும் முழுதாகத் திறங்கள். பேனலில் வந்தால் போதாது. நிலையத்தில் எந்தப் பெயரில் வந்தது என்று படிக்கச் சொல்லுங்கள்.
5. ஒரு வயரைக் கழற்றுங்கள், பிரேக்கரை அணையுங்கள், பேட்டரியைக் கழற்றுங்கள், ஆன்டெனாவைக் கழற்றுங்கள். ஒவ்வொன்றுக்கும் ட்ரபிள் வர வேண்டும்.
6. எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, ரைசர் வால்வைத் தொட்டிருந்தால் மெயின் டிரெய்னை மறுபடி திறந்து பாருங்கள். நிலையத்தை அழைத்துப் பரிசோதனைப் பதிவை நீக்கச் சொல்லி, நீக்கியவரின் பெயரையும் நேரத்தையும் எழுதுங்கள்.

வேன், பிரஷர் சுவிட்சுகளுக்கும் டேம்பருக்கும் இது ஆறு மாதத்துக்கு ஒருமுறை. பழைய வாட்டர் மோட்டார் காங் இன்னும் இருந்தால் அதற்குக் காலாண்டு. மெயின் டிரெய்ன் ஆண்டுக்கொரு முறை. தண்ணீர் முழுவதும் பேக்ஃப்ளோ வழியாகவே வந்தால் காலாண்டு. வால்வுகளைக் கண்ணால் பார்ப்பது, சீல் மட்டும் இருந்தால் வாரம் ஒருமுறை. பூட்டு இருந்தால் மாதம் ஒருமுறை.

வேலைக்காகத் தண்ணீரை அடைக்க வேண்டி வந்தால் ரைசரிலும், தீயணைப்பு வண்டி தண்ணீர் செலுத்தும் தீயணைப்புத் துறை இணைப்பிலும் சிவப்பு அட்டை கட்டி, பொறுப்பாளர் ஒருவரை நியமியுங்கள். 24 மணி நேரத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் அமைப்பு இயங்காமல் இருக்கும் என்றால் கட்டடத்தைக் காலி செய்ய வேண்டும், அல்லது சுற்றி வந்து தீக்காவல் பார்க்க வேறு வேலை எதுவும் இல்லாத ஆளைப் போட வேண்டும், அல்லது தற்காலிகத் தண்ணீர் வரத்து ஏற்பாடு செய்ய வேண்டும். சூப்பர்வைசரி சிக்னல் ஓயாமல் வருகிறதே என்று டேம்பர் சர்க்யூட்டைப் பேனலில் முடக்கி வைத்தால், அதை முடக்கியவரின் பெயரும் நேரமும் அதே அட்டையில் எழுதியிருக்க வேண்டும். வேலை முடிந்து அட்டையைக் கழற்றுபவர், கழற்றுமுன் வால்வுச் சக்கரத்தைத் தன் கையால் திறக்கும் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டே கழற்றட்டும்.